இதயத்துல இல்லாத ஓட்டை: மெடிக்கல் சிலபஸ் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மெடிக்கல் சிலபஸ் எழுதுற கமிட்டிகள்ல உக்காந்திருக்கிற சீனியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் முதல் வருஷப் பசங்களுக்கு அனாடமி எடுக்கிற ஆளு. எந்த கமிட்டிலயும் கிடையாது, காலைல பிணம் கெடாம வெக்கிற ஃபார்மலின் வாசனையோட நாளை ஆரம்பிக்கிற சாதாரண வாத்தியார். உங்க சிலபஸ்ல இருக்கிற ஒரே ஒரு வரியைப் பத்தி மட்டும்தான் பேச வந்திருக்கேன். முதல் வாரத்துல ‘மருத்துவ வரலாறு, ஒரு மணி நேரம்’னு போட்டு வெச்சிருக்கீங்களே, அந்த வரி.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும், நீங்களும் அதுல தூங்கினவங்கதானே. நான் படிச்சப்ப நாப்பது ஸ்லைடு, நாப்பதுலயும் தாடி. மருத்துவத்தின் தந்தை ஹிப்போகிரட்டீஸ், அறுவை சிகிச்சையின் தந்தை சுஸ்ருதர், ரெண்டு ஸ்லைடு தள்ளிப் போனா அதே பதவில அல்-ஸஹ்ராவி, இன்னும் கொஞ்சம் தள்ளினா ஆம்ப்ரோஸ் பாரே, அனாடமிக்கு ஹெரோஃபிலஸ், நவீன அனாடமிக்கு வெசாலியஸ். பரீட்சைல ‘பொருத்துக’னு வந்துச்சு, கோடு போட்டு இணைச்சோம், ஹால விட்டு வெளிய வந்ததும் மறந்தோம். இத்தனை அப்பாக்களுக்கு நடுவுல அம்மானு இருக்கிறது மூளையைச் சுத்தி இருக்கிற சவ்வு மட்டும்தான், டூரா மேட்டர், பியா மேட்டர். மேட்டர்னா லத்தீன்ல அம்மா. ஏன் ஒரு சவ்வுக்கு அம்மானு பேருன்னு எங்க வாத்தியார் சொல்லல, அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அரபில மூளை உறையை ‘மூளையோட தாய்’னு சொல்ற வழக்கம், ஒண்ணு கெட்டித் தாய், ஒண்ணு மெல்லிய தாய், 12ஆம் நூற்றாண்டுல லத்தீனுக்கு மாத்தினவங்க அதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாத்திட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் நியூரோசர்ஜன் தியேட்டர்ல நின்னு அரபிச் சொல்லோட லத்தீன் நிழலைத்தான் சொல்லிட்டு இருக்கார். இது ஒரு வரி விஷயம், மூளை அறுக்கிற அன்னைக்கு டேபிள் பக்கத்துல நின்னு சொன்னா அந்தப் பையன் சாகிற வரைக்கும் மறக்க மாட்டான். முதல் வாரத்துல நாப்பது தாடிக்கு நடுவுல சொன்னா எப்படிங்க நிக்கும்?

என் கோரிக்கையை இங்கயே சொல்லிடறேன், மீதியைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்குமோ இருக்காதோ. அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துடுங்க. அந்த அறுபது நிமிஷத்தையும் துண்டு துண்டா நறுக்கி அனாடமி, ஃபார்மகாலஜி, மெடிசின், ஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு அந்தந்த கிளாஸுக்குள்ள போடுங்க. போடும்போது அந்தப் பழைய வைத்தியர்கள் எதைச் சரியா சொன்னாங்கங்கிறதோட எங்க சறுக்கினாங்க, ஏன் சறுக்கினாங்க, யாரு எப்படிப் பிடிச்சாங்கங்கிறதையும் சேர்த்துப் போடுங்க. சறுக்கினதை விட்டுட்டு வெறும் பெருமையா சொன்னா அது வரலாறே இல்லைங்க, மாலை போட்ட போட்டோ.

கேலன எடுத்துக்கங்க. கிரேக்க வைத்தியர், பெர்கமம்ல கி.பி. 129-ல பிறந்தவர், 157-ல கிளாடியேட்டர்களுக்கு வைத்தியரா சேர்றார், அதாவது திறந்து கிடக்கிற உடம்பை தினம் பார்க்கிற வேலை. அப்புறம் ரோம். அங்க கூட்டத்துக்கு முன்னாடி உயிரோட ஒரு பன்னியைக் கட்டி வெச்சு அது கத்திக்கிட்டு இருக்கும்போதே கழுத்துல ஒரு நரம்பை அறுக்கிறார், பன்னி மூச்சு விடுது, துடிக்குது, ஆனா சத்தம் மட்டும் நின்னு போச்சு. குரல் நெஞ்சுலருந்து வரல, மூளை நரம்பு வழியா நடத்துதுன்னு காட்ட இதை விட என்ன வேணும்? இன்னைக்கு தைராய்டு ஆபரேஷன் பண்ற ஒவ்வொரு சர்ஜனும் கை நடுங்கத் தேடுறது அதே நரம்பைத்தான், ரெக்கரன்ட் லாரிஞ்சியல். தமனிக்குள்ள இருக்கிறது காத்து இல்லை, ரத்தம்னு நிரூபிச்சதும் இந்த ஆளுதான். அப்பேர்ப்பட்டவர் மனுஷ உடம்பை அறுத்துப் பார்க்க வழியில்லாம குரங்கையும் பன்னியையும் அறுத்து மனுஷனுக்கும் அப்படியேனு எழுதிட்டார்.

அதுல ஒண்ணுதான் இந்த மடலோட தலைப்புல இருக்கிற ஓட்டை. கேலன் கணக்குப்படி ரத்தம் ஈரல்ல தயாராகி இதயத்தோட வலது பக்கம் வருது, அதுல கொஞ்சம் இடது பக்கம் போயாகணும், நடுவுல இருக்கிறது தடிமனான சதைச் சுவர். அப்ப அந்தச் சுவர்ல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டை இருந்தே ஆகணும்னு முடிவு பண்ணிட்டார். பார்த்து எழுதல, தியரிக்குத் தேவைப்பட்டதால எழுதினார். அந்த ஓட்டை ஆயிரம் வருஷத்துக்கு மேல அங்கயே இருந்துச்சு. 14ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல இத்தாலில பொலோன்யால மொண்டினோ மனுஷ உடம்பை வகுப்புல வெச்சு அறுக்க ஆரம்பிச்ச பிறகும் இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி வந்த வழக்கத்தைப் பாருங்க, பேராசிரியர் உசரத்துல உக்காந்து புத்தகத்தை வாசிப்பார், இன்னொருத்தர் குச்சியால காட்டுவார், கத்தி பிடிக்கிறது மூணாவது ஆளு. புத்தகம் படிச்சவனுக்கு உடம்பு தெரியாது, உடம்பைத் தொட்டவனுக்குப் புத்தகம் தெரியாது. (இப்ப மட்டும் என்ன வாழுதுனு கேக்காதீங்க, ப்ரொஜெக்டர் பார்த்து கிளாஸ் எடுக்கிற ஆளு நானும்தான்.)

வெசாலியஸ் 1543-ல மனுஷ உடம்போட அமைப்பைப் பத்தின அந்தப் பெரிய புத்தகத்தைப் போட்டார், கேலனோட தப்பு இருநூறுக்கு மேல அதுல திருத்தப்பட்டுச்சுனு சொல்வாங்க. ஆனா இந்த ஓட்டை விஷயத்துல பாருங்க, அந்த முதல் பதிப்புல அவரு நேரா மறுக்கல, கண்ணுக்கே தெரியாத ஓட்டை வழியா ரத்தம் கசியுதுன்னா படைச்சவனோட கைவேலையை என்னன்னு சொல்றதுன்னு ஒரு மாதிரி நழுவிப் போறார். பன்னெண்டு வருஷம் கழிச்சு 1555 பதிப்புலதான் இது எப்படி சாத்தியம்னு எனக்குப் புரியலைனு துணிஞ்சு எழுதறார். கையில இதயத்தை வெச்சிருந்த மனுஷனுக்கே கண்ணால பார்த்ததை நம்ப பன்னெண்டு வருஷம் ஆச்சு. உங்க சிலபஸ்ல வெசாலியஸ் ‘நவீன அனாடமியின் தந்தை’, அவ்வளவுதான். அந்த பன்னெண்டு வருஷத் தயக்கம்தான் என் பசங்களுக்குத் தெரிய வேண்டியது.

இதுல வயிறெரியிற விஷயம் என்னன்னா, வெசாலியஸுக்கு முன்னூறு வருஷம் முன்னாடியே ஒருத்தர் இதை எழுதி முடிச்சிட்டார். இப்னு அல்-நஃபீஸ், டமாஸ்கஸ்ல பிறந்து கெய்ரோவுல வைத்தியம் பார்த்தவர். 1242-ல பாரசீக வைத்தியர் இப்னு சீனாவோட நூல்ல இருக்கிற அனாடமிப் பகுதிக்கு உரை எழுதுறார், வயசு முப்பதைக்கூடத் தொடல. அந்தச் சுவர் கெட்டியானது, சில பேர் நினைக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரிஞ்ச வழியும் இல்லை, கேலன் சொன்ன தெரியாத வழியும் இல்லை, அதனால ரத்தம் வலது பக்கத்துலருந்து நுரையீரலுக்குப் போய் காத்தோட கலந்து அப்புறம்தான் இடது பக்கம் வந்தாகணும்னு பளிச்சுனு எழுதிட்டார். நுரையீரலுக்குப் போற குழாய்க்கும் அங்கிருந்து வர்ற குழாய்க்கும் நடுவுல நுண்ணிய வழி இருக்கணும்கிறதையும் சேர்த்துச் சொல்லிட்டார், அதை மைக்ரோஸ்கோப்ல மால்பீகி பார்த்தது 1661-ல. இத்தனைக்கும் மத விதியும் தன்னோட இரக்கமும் அறுத்துப் பார்க்க விடலைனு அவரே அதுல எழுதறார். சாகும்போது வீட்டையும் புத்தகங்களையும் கெய்ரோவோட மன்சூரி ஆஸ்பத்திரிக்கு எழுதி வெச்சுட்டுப் போனார். அப்புறம் அந்த உரை தூங்கிடுச்சு. 1924-ல ஜெர்மனில படிச்சிட்டிருந்த அல்-தத்தாவிங்கிற எகிப்து டாக்டர் பெர்லின் லைப்ரரில இருந்த கையெழுத்துப் பிரதியை வெச்சு தீசிஸ் எழுதினப்பதான் உலகத்துக்கே திரும்பத் தெரிய வந்துச்சு. நடுவுல ஐரோப்பால செர்வெட்டஸ் 1553-ல இதையே எழுதினார், அதே வருஷம் ஜெனீவால மதக் குற்றத்துக்காக அவரை எரிச்சுட்டாங்க. கொலம்போ 1559-ல எழுதினார். 1628-ல இங்கிலாந்து டாக்டர் ஹார்வி வந்து ஒரு துடிப்புக்கு இவ்வளவு ரத்தம்னு வெச்சாலும் அரை மணி நேரத்துல உடம்புல இருக்கிற மொத்த ரத்தத்தையும் தாண்டிடுமே, இவ்வளவையும் ஈரல் எங்கருந்து புதுசா செய்யும்னு ஒரு பெருக்கல் கணக்குல கேலனோட வீட்டையே இடிச்சுட்டார்.

இதை நான் கிளாஸ்ல சொன்னா ரெண்டு விதமான பசங்க எந்திரிப்பாங்க. ஒருத்தன், ‘அப்ப கேலன் ஒரு முட்டாள்தானே சார்?’. இன்னொருத்தன், ‘அப்ப எல்லாத்தையும் முன்னோர்கள் அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க, நாம காப்பி அடிக்கிறோம், அப்படித்தானே சார்?’. இந்த ரெண்டு பேரையும் உருவாக்கி அனுப்புறது உங்க ‘பொருத்துக’ கேள்விதான்னு நான் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். ஏன்னா ரெண்டு பேருக்கும் பேர் தெரியும், வேலை நடந்த விதம் தெரியாது. முதல் ஆள் நாளைக்கு பேஷண்ட் கொண்டு வர்ற எந்தப் பச்சிலையையும் கேக்காமயே தூக்கிப் போடுவான், ரெண்டாவது ஆள் எந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டையும் கேக்காமயே நம்புவான், கேக்காம விடறதுல ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

முதல் ஆளுக்கு நான் சொல்ற கதை மலேரியா மருந்து. 1967-ல சீனால ராணுவத்துக்காக மலேரியா மருந்து தேடற ரகசியத் திட்டம் ஆரம்பிச்சு, தூ யூயூங்கிற பெண் விஞ்ஞானி பழைய சுவடியெல்லாம் புரட்டி ரெண்டாயிரம் குறிப்புக்கு மேல சேர்க்கிறார். அதுல ஒரு செடி, சிங்ஹாவ், சில தடவை வேலை செய்யுது, சில தடவை செய்யல. 4ஆம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங் எழுதின குறிப்பைத் திரும்பப் படிக்கிறார், ஒரு கைப்பிடி செடியை ரெண்டு அளவு தண்ணில ஊற வெச்சு, பிழிஞ்சு, சாறு மொத்தத்தையும் குடின்னு இருக்கு. பிழின்னு இருக்கு, கொதிக்க வைனு இல்லை. அங்கதான் பொறி தட்டுது, நாம சூடு பண்ணி மருந்தையே கொன்னுட்டு இருக்கோமோன்னு. அப்புறம் கம்மியான சூட்டுல கொதிக்கிற ஈதர்ல சத்தை இறக்கி, 1971 அக்டோபர்ல எடுத்த சாம்பிள் விலங்குகள்ல மலேரியாக் கிருமியை மொத்தமா அடிச்சுது. மனுஷனுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி தானும் டீம் ஆளுங்களும் குடிச்சுப் பார்த்தாங்க. ஆர்டிமிசினின், 2015-ல நோபல். ரெண்டாவது ஆளுக்கும் இதே கதைதான் பதில், ஏன்னா மீதி குறிப்பெல்லாம் என்ன ஆச்சு? ஏறக்குறைய 200 செடிலருந்து 380 சத்துக்கு மேல டெஸ்ட் பண்ணி ஒண்ணு தேறுச்சு. கே ஹோங் சொன்னதாலயே அது மருந்தாகிடல, கே ஹோங் இல்லாம அது கிடைச்சும் இருக்காது. இந்த ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லத் தெரியணும், ஃபார்மகாலஜி கிளாஸ்ல அஞ்சு நிமிஷம் போதும்.

இங்கிலாந்துல ஒரு பழைய வைத்தியச் சுவடி இருக்கு, பால்ட்ஸ் லீச்புக்குனு பேரு, ஆயிரம் வருஷப் பழசு. அதுல கண்கட்டிக்கு ஒரு கூட்டு, பூண்டு, அதோட வெங்காய ஜாதில இன்னொண்ணு, ஒயின், மாட்டுப் பித்தம், எல்லாத்தையும் பித்தளைப் பாத்திரத்துல ஒன்பது ராத்திரி வெச்சு, துணில வடிகட்டி, ராத்திரி இறகால கண்ணுல தொட்டு வைக்கணும். நாட்டிங்ஹாம் யுனிவர்சிட்டில மொழி ஆராய்ச்சி பண்றவங்களும் கிருமி ஆராய்ச்சி பண்றவங்களும் சேர்ந்து 2015-ல அதே மாதிரி செஞ்சு பார்த்தாங்க. பல ஆன்டிபயாடிக்குக்கு அசராத எம்ஆர்எஸ்ஏங்கிற பாக்டீரியா லேப்ல செத்துச்சு. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா போட்டா பெருசா ஒண்ணும் இல்லை, கூட்டா சேர்ந்தாத்தான். லேப்லங்கிறதை நான் அழுத்திச் சொல்றேன், இன்னைக்கு சாயங்காலமே பூண்டை அரைச்சு கண்ணுல வெச்சுக்கிற ஆளுங்க இருக்காங்க.

அல்-ராஸி கதையை மட்டும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வாத்தியார்கிட்ட குடுத்துடுங்க, தயவு செஞ்சு. பாரசீகத்து ரே நகரத்து வைத்தியர், 10ஆம் நூற்றாண்டு தொடக்கம், பெரியம்மையும் தட்டம்மையும் வேற வேறனு தெளிவா பிரிச்சு எழுதினவர், கேலன் மேல எனக்கு இருக்கிற சந்தேகங்கள்னு தனி நூலே போட்ட தைரியசாலி. மூளைக் காய்ச்சல் வரப் போற அறிகுறி, அதாவது தலை கழுத்து வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம கூசுறதுனு வந்தவங்கள்ல ஒரு கூட்டத்துக்கு ரத்தம் எடுத்தேன், இன்னொரு கூட்டத்துக்கு வேணும்னே எடுக்காம விட்டேன்னு எழுதி வெச்சிருக்கார். வேணும்னே விட்டேன்கிற அந்த வார்த்தையைக் கவனிங்க. ஒப்பிட்டுப் பார்க்கறதுக்காக வைத்தியம் பண்ணாம விடற கன்ட்ரோல் குரூப்புங்க அது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி! இதோட நிறுத்தினா கைதட்டலாம், எல்லாரும் இங்கதான் நிறுத்துறாங்க. ஆனா அவரோட முடிவு என்ன தெரியுமா, ரத்தம் எடுத்தவங்க பிழைச்சாங்க, எடுக்காதவங்களுக்கு நோய் வந்துச்சுன்னு. தப்பான முடிவு. கேட்ட கேள்வி சரி, எத்தனை பேர்னு எண்ணிக்கை இல்லை, யாரை எந்தப் பக்கம் போட்டார்னு தெரியாது.

அந்தத் தப்பு முடிவு அவரோட மட்டும் நிக்கல, கேலன்லருந்து வந்த ரத்தம் வடிக்கிற பழக்கம் எல்லா மொழியிலயும் ஓடுச்சு. 1799 டிசம்பர் 14 அன்னைக்கு ஜார்ஜ் வாஷிங்டன் தொண்டை அடைச்சுப் படுத்திருந்தப்ப ஒரே நாள்ல அவர் உடம்புலருந்து 2 லிட்டருக்கு மேல ரத்தம் எடுத்தாங்க, ராத்திரி போயிட்டார். அதுல பெரும்பகுதியை எடுத்தவங்க கண்ட கண்ட ஆளுங்க இல்லை, அந்தக் காலத்துல நல்லா படிச்ச டாக்டருங்க. அப்புறம் பாரிஸ்ல பியர் லூயி நிமோனியா வந்த 77 பேரை எடுத்துக்கிட்டு யாருக்கு எந்த நாள்ல ரத்தம் எடுத்தாங்க, யாரு செத்தாங்க, யாரு பிழைச்சாங்கன்னு எண்ணிப் பார்த்து 1835-ல புத்தகமா போட்டார், பெருமை பேசற அளவுக்கு ஒரு புண்ணியமும் இல்லைனு தெரிஞ்சுது. அல்-ராஸி கேட்ட அதே கேள்விதான், கூட எண்ணிக்கை மட்டும் சேர்ந்துச்சு, அதுக்கு 900 வருஷம். ரேண்டமைசேஷன், அதாவது யாரை எந்தக் கூட்டத்துல போடறதுன்னு குலுக்கல் மாதிரி முடிவு பண்றது, ஏன் வேணும்னு ஃபார்முலா போட்டு விளக்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுக் காட்டுங்க, ஃபார்முலா தானா புரியும்.

நோட்ஸ் எழுதுறதைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இது கொஞ்சம் சொந்தக் கதை. இன்டர்ன்ஷிப்ல ஒரு ராத்திரி வயசான ஒரு பேஷண்ட், மூச்சு பெருசு பெருசா வந்து அப்படியே குறைஞ்சு நின்னுடும், நானும் அவர் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம், அப்புறம் திரும்ப வரும். செய்ன்-ஸ்டோக்ஸ்னு ஃபைல்ல எழுதிட்டு வந்துட்டேன், 1818-ல செய்ன் விவரிச்சதுன்னு பரீட்சைக்குப் படிச்சது. பல வருஷம் கழிச்சு ஹிப்போகிரட்டீஸ் பேர்ல இருக்கிற கேஸ் குறிப்புகளைப் படிக்கிறேன், ஃபிலிஸ்கஸ்னு ஒருத்தர், மதில் பக்கத்துல குடியிருந்தவர், முதல் நாள் காய்ச்சல், வேர்வை, ராத்திரி தூக்கம் இல்லை, அப்புறம் மூத்திரம் கருப்பா போச்சு, இப்படியே நாள் வாரியா வருது, கடைசில மூச்சு எப்படி இருந்துச்சுனு எழுதறாங்க, மூச்சு விடறதையே மறந்துட்டு திடீர்னு ஞாபகம் வந்து விடற மாதிரின்னு. எனக்கு அந்த மகளோட முகம் வந்துடுச்சு. ஆறாவது நாள் ஃபிலிஸ்கஸ் செத்துப் போறார். அந்தத் தொகுப்புல அப்படி 42 கேஸ், அதுல 25 பேர் செத்துப் போனவங்க. யோசிச்சுப் பாருங்க, தன்னோட தொழிலுக்கு விளம்பரம் தேடற ஒருத்தன் பாதிக்கு மேல தோத்ததை எழுதி அடுத்த தலைமுறை கையில குடுப்பானா? இன்னைக்கு ஜர்னல்ல தோத்த டிரையலைத் தேடிப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

முடியாதுன்னு சொல்றதையும் அந்தக் காலத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. எகிப்துல கி.மு. 1600 வாக்குல எழுதின பாப்பிரஸ் ஒண்ணு, அதை விடப் பழைய மூலத்துலருந்து பார்த்து எழுதினது, 1862-ல லக்சர்ல எட்வின் ஸ்மித்ங்கிறவர் வாங்கினதால அவர் பேரே நிலைச்சுடுச்சு. 48 கேஸ், தலைலருந்து ஆரம்பிச்சு கீழ இறங்குது. ஒவ்வொண்ணுக்கும் எப்படிப் பார்க்கணும், என்ன நோய், அப்புறம் மூணுல ஒரு தீர்ப்பு: நான் வைத்தியம் பண்ற நோய், நான் போராடிப் பார்க்கிற நோய், வைத்தியம் பண்ண முடியாத நோய். ஆறாவது கேஸ்ல மண்டை உடைஞ்சு மூளை தெரியுது, உருக்கின செம்பு மேல வர்ற சுருக்கம் மாதிரி இருக்கும், விரல வெச்சா குழந்தை உச்சி மூடறதுக்கு முன்னாடி துடிக்குமே அந்த மாதிரி துடிக்கும்னு எழுதறான். விரல் வெச்சுப் பார்த்தவன் எழுத்து அது. தீர்ப்பு, வைத்தியம் பண்ண முடியாது. கழுத்தெலும்பு நழுவினவனுக்கு கை கால் உணர்ச்சி இல்லை, மூத்திரம் தானா சொட்டும், அதுக்கும் அதே தீர்ப்பு. 48-ல மந்திரம் வர்றது ஒரே ஒரு கேஸ்ல. கடைசி கேஸ்ல எழுதினவன் பாதி வாக்கியத்துல நிறுத்திட்டுப் போயிட்டான், ஏன்னு யாருக்கும் தெரியாது. நம்ம பசங்களுக்கு நாலாவது வருஷத்துலயாவது ‘இனிமே முடியாதும்மா’னு எப்படிச் சொல்றதுன்னு கத்துக் குடுக்கிறோமா? அந்த கிளாஸ்ல இந்த மூணு தீர்ப்பையும் போர்டுல எழுதிட்டு ஆரம்பிக்கலாம்.

சுஸ்ருதரைப் பத்தி ரொம்ப சொல்லல, மூக்கு வெச்சுத் தைக்கிற கதை எல்லாருக்கும் தெரியும், இந்தியால நடந்த அந்த மூக்கு ஆபரேஷனைப் பத்தி 1794-ல லண்டன் பத்திரிகைல வந்த ஒரு கடிதத்தைப் படிச்சுட்டு கார்ப்யூங்கிற சர்ஜன் 1814-ல அங்க செஞ்சு பார்த்தார், பிளாஸ்டிக் சர்ஜரி புத்தகமெல்லாம் அங்கருந்துதான் ஆரம்பிக்கும். எனக்குப் பிடிச்சது வேற இடம். சிஷ்யன் பேஷண்ட் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி பூசணி வெள்ளரி மாதிரி காயில கீறிப் பழகணும், ரத்தக் குழாய் திறக்கிறதை செத்த மிருகத்தோட நரம்புலயும் தாமரைத் தண்டுலயும் பழகணும், தையலைத் துணிலயும் தோல்லயும் போட்டுப் பழகணும்னு வரிசையா இருக்கு. நீங்க இப்ப கோடிக்கணக்குல ஸ்கில்ஸ் லேப் கட்டி சிலிக்கான் தோல் வாங்கிப் போடுறீங்களே, அதே வேலை. உடம்பை எப்படிப் படிக்கணும்கிறதுக்கும் வழி இருக்கு, உடலைப் புல்லால சுத்தி கூண்டுல வெச்சு ஓடற தண்ணில ஏழு ராத்திரி ஊற விட்டு அப்புறம் அடுக்கு அடுக்கா தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்கணும். ஃபார்மலின் வாசனைக்கு மூக்கைப் பொத்தற பசங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, பேசாம கிளவுஸ் மாட்டுவாங்க.

இடையில நின்னு கை மாத்திவிட்டவங்களையும் சிலபஸ்ல யாரும் கண்டுக்கறது இல்லை. பாக்தாத்ல 9ஆம் நூற்றாண்டுல ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கேலனோட ஒரே ஒரு நூலைத் தேடி மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்துனு அலெக்ஸாண்ட்ரியா வரைக்கும் அலைஞ்சிருக்கார், கடைசில டமாஸ்கஸ்ல பாதிதான் கிடைச்சுதுன்னு அவரே எழுதறார். ஒரு நூலை மொழிபெயர்க்கணும்னா முதல்ல கிடைக்கிற கிரேக்கப் பிரதியெல்லாம் சேர்த்து ஒண்ணுக்கொண்ணு ஒப்பிட்டு சரியான பாடத்தை முடிவு பண்ணிட்டுத்தான் கை வைப்பார். கேலனோட சில நூல் இன்னைக்கு அரபில மட்டும்தான் உயிரோட இருக்கு, மூலம் போயிடுச்சு. அம்மானு சொன்னேனே, 12ஆம் நூற்றாண்டு இத்தாலில சலெர்னோல த்ரோத்தானு ஒரு வைத்தியப் பெண், பெண்கள் நோய்க்கு அவங்க செஞ்ச வைத்தியம் நூலாகி ஐரோப்பா முழுக்க ஓடுச்சு, 1566-ல அதைத் திரும்ப அச்சடிச்ச ஒருத்தர் இதை ஒரு பொம்பளை எழுதியிருக்க முடியாதுன்னு ஒரு ஆம்பளை பேரைப் போட்டுட்டார். உங்க நாப்பது ஸ்லைடுல ஹுனைன் பேரும் இல்லை, த்ரோத்தா பேரும் இல்லை.

நேரம் இல்லை, சிலபஸ் ஏற்கெனவே வழியுதுன்னு நீங்க சொல்லப் போறது எனக்குத் தெரியும். அதனாலதான் புதுசா ஒரு பேப்பர் கேக்கல, ஒரு நிமிஷம்கூட அதிகமா கேக்கல, இருக்கிற அறுபது நிமிஷத்தை இடம் மாத்துங்கன்னுதான் கேக்கறேன். எங்க டிபார்ட்மென்ட்ல என் பங்கு பத்து நிமிஷத்தை ஏற்கெனவே நானே எடுத்துக்கிட்டேன், யார்கிட்டயும் பர்மிஷன் வாங்கல, இப்ப இதை எழுதினதால தெரிஞ்சுடும், பரவால்லை.

இதயம் அறுக்கிற அன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லாம ஆளுக்கொரு புரோப், அதாவது துழாவிப் பார்க்கிற மெல்லிய கம்பி, குடுத்துடுவேன். வலது கீழறைக்கும் இடது கீழறைக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், தேடுங்க, கண்டுபிடிச்சவங்க கை தூக்குங்கன்னு சொல்லிட்டு ஓரமா போய் நின்னுடுவேன். அந்தச் சுவர் வழவழன்னு இருக்காது, சதை மேடும் பள்ளமுமா இருக்கும், புரோப் நுனி ஒரு பள்ளத்துல போய் நிக்கும், கொஞ்சம் அழுத்தினா உள்ள போற மாதிரியே இருக்கும். ரெண்டு நிமிஷம் அமைதி. அப்புறம் முதல் கை தூக்கும், ‘இங்க ஒண்ணு இருக்கு சார்’. பக்கத்து டேபிள்ல உடனே இன்னொண்ணு. போன வருஷம் இருபத்தஞ்சு டேபிள்ல பதினொண்ணுல ஓட்டை கண்டுபிடிச்சாங்க. பின்னாடி டேபிள்ல ஒரு பொண்ணு மட்டும் கை தூக்காம ரொம்ப நேரம் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்துச்சு, நான் பக்கத்துல போனதும் நிமிர்ந்து, சுத்தி எல்லார் கையையும் ஒரு தடவை பார்த்துட்டு, மெதுவா, ‘எனக்கு எதுவும் தெரியலை சார், நான் தப்பா பார்க்கிறேனா?’ன்னு கேட்டுச்சு.

இப்படிக்கு,
ஒரு அனாடமி வாத்தியார்